கவர் கொண்டு வந்திருக்கீங்களா?

அக்காள்மடத்து வீரலட்சுமிக்கு வேலை கிடைத்துவிட்டதாக மெயில் வந்தது. அவள் செய்த முதல் காரியம், அதை நம்பாமல் இருந்தது.

அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கேஸ் சிலிண்டரை எடை போட்டுப் பார்க்காமல் வீட்டுக்குள் விடாதவள் அவள். மாத்திரை அட்டையில் பத்தும் இருக்கிறதா என்று மருந்துக் கடை வாசலிலேயே எண்ணிவிடுவாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் புருஷன் வேல்ராஜ் 'சாப்பிட்டுட்டேன்' என்றால், 'எங்கன?' என்று கேட்பாள். நூலகப் படிப்பு முடித்துவிட்டு, ராமேஸ்வரத்தில் ஒரு சங்குக் கடையில் பதினான்கு வருஷமாக பில் போடுகிறாள். அசல் சங்கு எது, அச்சில் வார்த்த சங்கு எது என்று காதில் வைத்தே சொல்லிவிடுவாள். சந்தேகம் அவளுக்குத் தொழிலோடு வந்தது.

கடலோர வாசிப்பு மேம்பாட்டு வாரியத்துக்கு அவள் ஏழு தடவை விண்ணப்பித்திருக்கிறாள். மண்டபம் கிளை நூலக உதவியாளர் பதவிக்கு. வயது வரம்பு நாற்பது. அவளுக்கு இன்னும் பத்தே நாளில் நாற்பது முடிகிறது. அதற்கப்புறம் அவள் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனால் வாட்ச்மேன்கூட வாங்க மாட்டான். இந்த நிலையில்தான் மெயில் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ராமநாதபுரம் அலுவலகத்தில் நேரில் வந்து பணியேற்புக் கடிதம் கொடுக்க வேண்டும், தவறினால் தேர்வு ரத்து.

எல்லாம் சரி. 'அன்புடையீர், தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்' என்று அழகாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் மேலே பார்த்தால், அனுப்புநர் இயக்குநர். பெறுநரும் இயக்குநர். தலைகீழாகப் புரட்டிப் பார்த்தும் வீரலட்சுமி என்ற பெயர் எங்கேயும் இல்லை.

"இது ஏமாத்து வேலைடி" என்று போனைக் கொண்டுபோய் பானுப்பிரியாவிடம் நீட்டினாள். பானுப்பிரியா பாம்பனில் இன்டர்நெட் கடை வைத்திருப்பவள். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, இப்போது ஊருக்கே சான்றிதழ் இறக்கிக் கொடுக்கிறாள்.

அவள் எங்கெங்கோ தட்டிப் பார்த்துவிட்டு, "நெசமான மெயில்தான்க்கா" என்றாள்.

"அப்ப எம்பேரு எங்கடி?"

"கவர்ல இருக்குக்கா."

"எந்தக் கவரு?"

"மெயிலுக்கும் கவர் உண்டுக்கா. நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது. அவுக சர்வர் நம்ம சர்வரக் கூப்பிட்டு மொதல்ல வணக்கம் சொல்லும். பெறகு, 'அனுப்புறது இன்னாரு'ங்கும். நம்ம சர்வர் 'சரி'ங்கும். 'குடுக்க வேண்டியது வீரலட்சுமிக்கு'ங்கும். அதுக்கும் 'சரி'ன்னு சொன்னாத்தான் கடுதாசிய எறக்கும். இதுதான் கவர். கடுதாசிக்குள்ள பெறுநர்னு யாரு பேரு எழுதியிருந்தாலும் சர்வர் அத ஏறெடுத்தும் பாக்காது. கவர்ல உள்ள பேருக்குத்தான் கொண்டுபோய்க் குடுக்கும்."

"உள்ள மட்டும் எதுக்கு அந்தாளு தம்பேரையே போட்டுக்கிட்டாரு?"

"பன்னெண்டு பேருக்கு அனுப்பியிருப்பாக. ஒருத்தர் பேரு ஒருத்தருக்குத் தெரியப்படாதுன்னு எல்லாரையும் பிசிசியில போட்டிருப்பாக. பிசிசியில போட்டா கவர்ல மட்டுந்தான் பேரு வரும். உள்ள வராது."

வீரலட்சுமி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "சரி, அந்தக் கவரு இப்ப எங்க?"

"ஒங்க பெட்டியில போட்டதும் கிழிச்செறிஞ்சிரும்க்கா."

"யாரக் கேட்டு எறிஞ்சுச்சு?" என்றாள் வீரலட்சுமி. பானுப்பிரியா அடுத்த ஆளுக்குச் சான்றிதழ் இறக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் போனாள். வாரியத்தின் வாசலில் 'வாசிப்பே சுவாசிப்பு' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, படிப்பதற்கு வசதியாக, ஒரு பூட்டு தொங்கியது. பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டுமாம். கண்காணிப்பாளர் சதக்கத்துல்லா மேஜையில் இன்னொரு பலகை: 'இங்கு லஞ்சம் வாங்கப்படுவதில்லை. கொடுக்கவும்படுவதில்லை.'

அவர் மெயிலின் பிரிண்டை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, மெதுவாக மேஜைமேல் வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கவர் கொண்டு வந்திருக்கீங்களா?"

வீரலட்சுமி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். பலகையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஆக, இதுதானா சேதி! கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

"எத்தன கவர் சார்?" என்றாள், வேண்டுமென்றே அப்பாவியாக.

"ஆளுக்கு ஒண்ணுதான்."

"உள்ள எம்புட்டு இருக்கணும்?"

"உள்ள உள்ளது எனக்கு வேண்டியதில்லம்மா. எனக்குக் கவர் மட்டும் போதும்."

வெறும் கவரை லஞ்சமாக வாங்குகிற மனிதரை அவள் ராமநாதபுரம் மாவட்டத்தில் இதுவரை பார்த்ததில்லை. "வெறுங்கவர வச்சு என்ன சார் பண்ணுவீக?"

"சரிபாத்துக் கோப்புல வைப்பேன்."

"அப்பறம் பணம்?"

சதக்கத்துல்லா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "யா அல்லா! பணமா? இருவத்தாறு வருஷ சர்வீஸ்ல அடுத்தவங்க காசுல ஒரு டீ குடிச்சதில்ல நான். என்னப் பாத்தா கவர் வாங்குற ஆளு மாதிரியா இருக்கு?"

"நீங்கதான சார் கவரு கேட்டீக?"

"நான் கேட்டது மெயிலோட உறைம்மா!"

இருவரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் மூச்சு வாங்கிக்கொண்டு விளக்கினார். போன வருஷம் வாரியம் அவரை மின்னஞ்சல் பயிற்சிக்குக் கொடைக்கானல் அனுப்பியது. மூன்று நாள். முதல் நாள் உறை, இரண்டாம் நாள் படகு, மூன்றாம் நாள் சான்றிதழ். அங்கே அவர் கற்றுக்கொண்ட உண்மை ஒன்றே ஒன்று: உறை வேறு, கடிதம் வேறு, உறைதான் முக்கியம். திரும்பி வந்ததும் அதை விதியாகவே எழுதி வாரியத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டார்.

"இதப் பாருங்க. அனுப்புநர் இயக்குநர். பெறுநர் இயக்குநர். ஆக, ஐயா தனக்குத்தானே எழுதிக்கிட்ட அந்தரங்கக் கடுதாசி. இது உங்களுக்கு வந்ததுன்னா உறை வேணும். உறை இல்லன்னா, ஐயாவோட கடுதாசி உங்க கையில எப்படி வந்துச்சுங்கிற கேள்வி வரும்."

"எனக்கு மட்டுமா வந்துச்சு? மத்த பதினோரு பேரும் வந்தாகளா?"

"அவங்க யாருன்னு உங்ககிட்ட சொல்ல எனக்கு அனுமதியில்ல. நீங்க யாருன்னு அவங்ககிட்ட சொல்லவும் அனுமதியில்ல" என்றவர், குரலைத் தாழ்த்தி, "காலையில எல்லாரும் ஒரே பெஞ்சுலதான் உக்காந்திருந்தீங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை அவள் ஒன்பது பக்கம் கொண்டுபோனாள். மெயிலின் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருந்த எல்லா வரிகளையும் பானுப்பிரியா அச்செடுத்துக் கொடுத்திருந்தாள். முதல் பக்கத்து உச்சியில், 'கொண்டு சேர்த்தது: வீரலட்சுமிக்கு' என்று பொருள்படும் வரி ஒன்று இருந்தது. கவரைக் கிழித்து எறிவதற்கு முன்னால் சர்வர் குறித்து வைத்ததாம். அந்த வரிக்கு மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருந்தாள்.

சதக்கத்துல்லா ஒன்பது பக்கத்தையும் படித்தார். நேர்மையான மனிதர், ஒரு வரி விடவில்லை. மத்தியானம் ஆகிவிட்டது.

"இந்த வரிய எழுதுனது யாரு?"

"என் மெயில் சர்வர் சார்."

"அதாவது உங்க தரப்பு. சொந்தக்காரங்க சாட்சி செல்லாதும்மா."

"அப்ப ஒங்க சர்வர்ல இருக்கும்ல? யாருக்குக் குடுக்கச் சொல்லி அனுப்புச்சுன்னு அதுவும் எழுதி வச்சிருக்கும்ல? அதப் பாருங்க."

"தாராளமா பாக்கலாம். விண்ணப்பம் பண்ணணும். மெயில்ல."

அங்கேயே நின்று, அவர் கண்முன்னாலேயே போனில் விண்ணப்பத்தை அனுப்பினாள். அனுப்பிய வேகத்திலேயே பதில் வந்தது. வாரியத்தின் பெட்டி நிரம்பி வழிகிறது, தங்கள் கடிதத்தைக் கொடுக்க முடியவில்லை, மன்னிக்கவும். அவள் அதைக் காட்டினாள். அவர் பிரிண்ட் கேட்டார்.

புதன்கிழமை பிரிண்டோடு போனபோது நிலைமை முற்றிவிட்டது. திரும்பி வந்த மெயிலின் உறைத் தகவலில், அனுப்புநர் என்ற இடத்தில் < > என்று இரண்டு கொக்கிகள் மட்டும் இருந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை.

"அனுப்புனவர் பேரு எங்கம்மா?"

"திரும்பி வார மெயிலுக்குப் பேரு போட மாட்டாக சார். பேரு போட்டா, அதுவும் போய்ச் சேரலன்னா இன்னொண்ணு திரும்பி வரும், அது சேரலன்னா இன்னொண்ணு. விடிய விடிய ரெண்டு சர்வரும் ஒண்ணையொண்ணு திருப்பி அனுப்பிக்கிட்டே கெடக்குமாம். அதான் அந்த எடத்தக் காலியா விட்ருவாகன்னு பானு சொன்னா."

"பானு என்ன வேணா சொல்லலாம். பேரு போடாத கடுதாசிக்கு எங்க கோப்புல ஒரே பேருதான் இருக்கு. மொட்டைக் கடுதாசி."

இருபது நிமிஷத்தில் கோப்பு திறந்தாகிவிட்டது. அந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பும் அவ்வளவு சீக்கிரம் திறந்ததில்லை. பொருள்: வாரியத்தின் பெட்டி நிரம்பிவிட்டதாக அவதூறு சொல்லும் மொட்டைக் கடுதாசியைத் திருமதி வீரலட்சுமி அலுவலக வளாகத்தில் வைத்திருந்தது தொடர்பாக. விசாரணை: நாளை காலை, இயக்குநர் முன்னிலையில்.

வேலை கேட்டு வந்தவள், விசாரணைக் கைதி மாதிரி வீடு போய்ச் சேர்ந்தாள். வேல்ராஜ், "விட்டுத் தொலையேன், சங்குக் கடை என்ன ஓடியா போகுது?" என்றான். அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். ஏழு விண்ணப்பமும் அவளே எழுதியவை, அவளே போய்ப் பதிந்தவை. கடைசியில், பெயர் இல்லை என்கிறார்கள்.

வியாழக்கிழமை, விசாரணைக்கு முன்னால், சதக்கத்துல்லாவின் மேஜையில் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. இயக்குநரின் மகள் கல்யாணம், மறுநாள் காலை, ராமநாதபுரத்திலேயே. எல்லாச் சிப்பந்திகளுக்கும் போன வாரமே வந்துவிட்டதாம். வீரலட்சுமி எடுத்துப் பிரித்தாள். 'அன்புடையீர்' என்று ஆரம்பித்தது.

"சார், இது ஒங்களுக்கு வந்ததா?"

"ஆமா. ஐயா கையால குடுத்தாங்க."

"உள்ள ஒங்க பேரக் காணமே?"

"பத்திரிகைக்குள்ள யாரும்மா பேரு எழுதுவாங்க? கவர்லதான்…" என்றவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

"கவரு எங்க சார்?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது, இனி வேலை முடிந்தது என்று வீரலட்சுமி நினைத்தாள். பாவம், அரசாங்கத்தை அவள் சரியாகச் சந்தேகப்படக் கற்றுக்கொள்ளவில்லை. சதக்கத்துல்லாவின் நெற்றி வியர்த்தது. "யா அல்லா, பதினாலு சிப்பந்திகளும் கிழிச்சிட்டாங்களே" என்று முணுமுணுத்தார். பேனாவை எடுத்தார். 'இயக்குநரின் பெயரால் வரும் எந்தச் செய்தியையும் உரிய உறையோடு வைத்திருப்போர் மட்டுமே பெறுநராகக் கருதப்படுவர். அழைப்பிதழ்களுக்கும் இது பொருந்தும். கல்யாண மண்டப வாசலில் சரிபார்க்கப்படும்' என்று ஒரு சுற்றறிக்கையை எழுதி, கோப்புக் கட்டோடு சேர்த்து இயக்குநர் அறைக்கு எடுத்துப்போனார். வீரலட்சுமி பின்னால் போனாள்.

இயக்குநர் யோகேஸ்வரன் மலர்ந்த முகக்காரர். விசாரணை என்றாலும் உட்காரச் சொன்னார்.

"இந்த வாரியத்துல நான் பொறுப்பேத்து மூணு வருஷம் ஆச்சும்மா. இந்த மூணு வருஷத்துல ஒரு தவறான நியமனமாவது நடந்திருக்கா? இல்ல. ஏன்னா, நியமனமே நடக்கல. பதினெட்டு நூலகம் இருக்கு. ஒரு புத்தகமாவது காணாமப் போயிருக்கா? இல்ல. ஏன்னா, ஒண்ணையும் தெறக்கல. நேர்மைன்னா இதுதான்."

பேசிக்கொண்டே கோப்புகளில் கையெழுத்துப் போட்டார். எதையும் படிக்கவில்லை. சுற்றறிக்கையும் அந்த ஓட்டத்தில் போய்விட்டது.

"அப்ப அந்த வேலை யாருக்குங்கய்யா?"

"கடுதாசியில பெறுநர் யாரு? நான். விதிப்படி நான்தான் தேர்வாயிருக்கேன். மண்டபம் கிளை நூலக உதவியாளரா. ஒரே ஒரு சிக்கல், எனக்கு வயசு அம்பத்தெட்டு. வயசுத் தளர்வு கேட்டு எனக்கே ஒரு கடுதாசி எழுதியிருக்கேன். பரிசீலனையில வச்சிருக்கேன். எனக்குன்னு சலுகை காட்ட மாட்டேன், பாருங்க."

வீரலட்சுமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதற்கும் அனுப்புநர் யார் என்று கேட்பார்கள். அடக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அட, நில்லுங்கம்மா" என்றார் இயக்குநர். வீட்டில் நல்ல காரியம் வைத்திருப்பவர், எதிரே நிற்பவருக்குப் பத்திரிகை கொடுக்காமல் அனுப்ப மாட்டார். அந்தப் பண்பாடு அவரிடம் இருந்தது. இழுப்பறையிலிருந்து மிச்சமிருந்த ஒன்றை எடுத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கவர். இடது ஓரத்தில், மகள் கல்யாணத்துக்கும் விடாமல், 'மா. யோகேஸ்வரன், இயக்குநர், கடலோர வாசிப்பு மேம்பாட்டு வாரியம்' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார். பேனாவைத் திறந்து, "பேரு என்ன சொன்னீங்க?" என்று கேட்டு, 'திருமதி வீரலட்சுமி வேல்ராஜ், அக்காள்மடம்' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். "குடும்பத்தோட வந்துருங்க. மொட்டைக் கடுதாசி விசாரணை தனியா நடக்கும், அத மனசுல வச்சுக்காதீங்க."

பஸ் பாம்பன் பாலத்தில் ஏறும்போது அவள் அந்தக் கவரை எடுத்துப் பார்த்தாள். முன்னே பார்த்தாள், பின்னே பார்த்தாள். பத்திரிகையை வெளியே உருவினாள். கவர் அப்படியே இருந்தது. உள்ளே இருந்தது போய்விட்டதே என்று அது ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கவருக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது? அந்த வாரத்தில் முதல் தடவையாக வீரலட்சுமி சிரித்தாள். பக்கத்து ஸீட்டுக்காரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது பதினான்கு சிப்பந்திகளும் அவரவர் நாற்காலியில் இருந்தார்கள். பெண்கள் பட்டுச் சேலையில், தலை நிறையப் பூவோடு. ஆண்கள் பட்டு வேட்டியில். எல்லார் முகமும் உம்மென்று இருந்தது. கல்யாண மண்டப வாசலில் வாரியத்து வாட்ச்மேனே சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கவர் கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டானாம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களிலும் பாதிப் பேர் ரோட்டில் நிற்கிறார்களாம்.

சதக்கத்துல்லா போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்கய்யா… முகூர்த்த நேரந்தாங்கய்யா… இல்லைங்கய்யா, உங்க தாய்மாமன்னாலும் கவர் வேணும்… நீங்கதான் நேத்து கையெழுத்துப் போட்டீங்கய்யா…" எதிர்முனையில் நாதஸ்வரமும் ஒரு கூச்சலும் சேர்ந்து கேட்டு, பட்டென்று நின்றது.

வீரலட்சுமி அவர் முன்னால் உட்கார்ந்து, மேஜைமேல் பணியேற்புக் கடிதத்தையும் அதன்மேல் அந்தக் கவரையும் வைத்தாள்.

"கவர் கொண்டு வந்திருக்கேன் சார்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த விதியை எழுதிய நாளிலிருந்து இன்றுவரை யாரும் கவர் கொண்டு வந்ததில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். அனுப்புநர், இயக்குநர். பெறுநர், வீரலட்சுமி. இயக்குநரின் கையெழுத்துத்தான், இந்த மூன்று வருஷத்தில் எத்தனையோ கோப்பில் பார்த்திருக்கிறார். திறந்தார். உள்ளே, நான்காக மடித்த தேர்வு மெயில்.

"நாலு மூலையிலயும் மஞ்சள் இருக்கே?" என்றார் சந்தேகமாக.

"நல்ல சேதி வார கவர்ல மஞ்சள் வைக்காம என்னத்த சார் வைப்பாக?"

அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். முதலிலிருந்து கடைசி வரைக்கும் புரட்டினார். பிறகு கோப்பில் எழுதினார்: 'உறை சரிபார்க்கப்பட்டது. மூலைகளில் மஞ்சள் காணப்படுகிறது. விதிகளில் தடை இல்லை. பணியேற்புக் கடிதம் ஏற்கப்பட்டது.' கவரைக் கோப்பில் வைத்து, நூல் கட்டி, முடிச்சுப் போட்டார். ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

அவள் ரசீதில் பெயரைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இன்னொரு தடவை பெயரைப் பார்த்தாள். வீரலட்சுமி. கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசீதைப் பைக்குள் வைக்கும்போது, உள்ளே கிடந்த கல்யாணப் பத்திரிகை வெளியே எட்டிப் பார்த்தது. சதக்கத்துல்லா அதைப் பார்த்துவிட்டார். அவள் அவசரமாக அதை உள்ளே தள்ளினாள்.

"ஐயா நேர்ல குடுத்த பத்திரிகையாச்சேம்மா. கல்யாணத்துக்குப் போகலையா?"

"எப்படி சார் போறது? கவரத்தான் ஒங்ககிட்ட குடுத்துட்டேனே."

அவர் கட்டி வைத்த கோப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஆமாம்மா" என்றார் வருத்தமாக. "விட மாட்டாங்க."